தகரம் எங்கே?

என் குரலைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சளி பிடித்தவள் பேசுவது போல அடித்தொண்டையிலிருந்து வரும். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது டீச்சர் ஒரு வரி கேட்டுவிட்டு என்னைப் பேச்சுப் போட்டிக்கு மாற்றிவிட்டார். ஆனாலும் கஹவத்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. லயத்து வரிசை வீடுகளில் யாராவது இறந்துபோனால் அதை ஊருக்குச் சொல்வது நான்தான்.

பஜாரில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட், தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களத்தில் படிவம் நிரப்புவது என்று நாள் ஓடும். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் பஸ் பிடித்து முதலில் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். பெயர், வயது, இன்னாரின் மகள், இன்னாரின் தாயார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைக்குப் பின்னாலுள்ள அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனில் பதிவு செய்வேன். கூரையில் ஒலிபெருக்கி கட்டிய த்ரீவீல் ஒன்று அதை மலைமலையாகக் கொண்டுபோகும். முன்பு தப்பு அடித்துச் சொன்னதை இப்போது நான் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இதில் ஒரு முறை வைத்திருக்கிறேன். இறந்தவரின் பெயரை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்பேன். பிறகு அதே பெயரை இன்னொரு தடவை சொல்வேன். முதல் தடவை கேட்டதும் மலையில் கொழுந்து பறிக்கிற கைகள் நின்றுவிடும். இரண்டாம் தடவையில் ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். யாரும் சொல்லித் தரவில்லை, பழகப் பழக வந்தது.

பிரதேச சபைத் தேர்தல் வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து நின்றவர் எங்கள் லயத்துக்காரரே. என் வீட்டிலிருந்து மூன்றாவது காம்பரா அவர் வீடு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு வருடம் காற்று அடித்துக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனபோது ஒபிஸ் ஒபிஸாக ஏறி இறங்கித் தகரம் கொண்டுவந்தவர் அவர்தான். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி எனக்கு அக்கா. ஆபரேஷன் முடிந்து நான் படுத்துக்கிடந்த நாட்களில் என் துணியைத் தண்ணீர் விழுகிற பீலியில் துவைத்து உலர்த்தி மடித்துக்கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தவள். இரத்தக் கறை பட்ட துணி அது. கூடப் பிறந்தவள்கூட முகம் சுளித்திருப்பாள். அந்த அக்காவுடைய நம்பிக்கையைத்தான் நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

எதிர்த்தரப்புக்கு விளம்பரம் செய்கிற ஒருவர் இரத்தினபுரியிலிருந்து வந்தார். சிங்களவர், முப்பது வயது இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை என்னை ‘அக்கே’ என்று கூப்பிடுவார். முதல் நாள் வந்தபோது நல்ல மழை. நனையாமல் கடைக்குள் நின்று, பக்கத்துக் கடையில் பிளேன்டீ வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார். மழை, லயம், கூரை என்று பேச்சு போனது. எனக்கும் வாய் சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் மழைக்கு நடு அறையில் வாளி வைக்கிறோம் என்றேன். தகரம் வந்ததுதான், எங்கள் வீட்டு வரிசைக்கு வரும்போது முடிந்துவிட்டது என்றேன். மழை விட்டதும் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தார். சிங்களத்தில் எழுதியிருந்தது. தமிழில் மாற்றிப் பேசித் தர வேண்டும். முதல் வரியில் அண்ணனுடைய பெயர். அடுத்த வரியிலும் அதே பெயர். பிறகு: காற்று வந்தது, கூரை போனது, தகரம் வந்தது, தகரம் எங்கே?

“இது உண்மையா?” என்று கேட்டேன்.

“நிகங் அஹனவா விதரய், அக்கே” என்றார். சும்மா கேட்கிறோம், அவ்வளவுதான் என்று அர்த்தம். அண்ணன் எடுத்தார் என்று அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மைதான், இல்லை. தாளை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தேன். பொய் என்று சொல்லி விரல் வைக்க ஒரு வார்த்தை அகப்படவில்லை.

அவருடைய ஆளைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை என்று கேட்டேன். தன் ஆளைப் பற்றிச் சொன்னால் ஜனங்கள் வாய் பார்ப்பார்கள், கேள்வி கேட்டால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்றார். அதை மரண அறிவித்தல் சொல்கிற குரலிலேயே சொல்லவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. பஜாரில் நின்று பார்த்திருக்கிறாராம். என் குரல் கேட்டால் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாராம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி, “ரெண்டு பக்கத்துக்கும் போஸ்டர் கொப்பி அடிக்கிறோம், இதுல என்ன?” என்றார். அவர்மேல் பழி போட்டுத் தப்ப எனக்கு இஷ்டமில்லை. உண்மையைச் சொன்னால், மீன்காரரின் கத்தி நின்ற கதையைக் கேட்டு என் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. சிங்களத்தில் நீளமாக இருந்த வரிகளை நான்தான் வெட்டி வெட்டிக் குறுக்கினேன். படித்துக்காட்டியபோது விளம்பரக்காரர் கையைத் தட்டினார். சந்தோஷமாக இருந்தது.

பின்னறைக்குப் போய்ப் பதிவு செய்தேன். அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல மூச்சு விடும் நேரம் நிறுத்தினேன். விளம்பரக்காரர் அதை வாங்கி, அடியில் தகரத்தில் மழை பெய்கிற சத்தத்தைச் சேர்த்தார். போனில் அனுப்புவதற்கு ஒரு படமும் வைத்திருந்தார். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டு நின்ற படம். மாப்பிள்ளை, பெண், பூமாலை எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுச் சாம்பல் நிறமாக்கியிருந்தார். அந்தச் சிரிப்பு இப்போது எதையோ ஒளித்துவைத்துக்கொண்டு சிரிப்பது போல இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன், அவர் ஏன் சிரித்தார் என்றும் தெரியும். கோழிக்கறி தீர்ந்துவிட்டது என்று யாரோ சொன்னதற்கு.

மறுநாள் காலை த்ரீவீல் மலைக்குப் போனது. பத்து மணிக்கெல்லாம் டிரைவர் திரும்பி வந்து கடைப் படியில் உட்கார்ந்தார்.

“அக்கா, அவங்க அம்மா ரோட்டுக்கு ஓடி வந்திருச்சி” என்றார். “மகன் பேரு ஒங்க கொரல்ல கேட்டதும் மகன் செத்துட்டான்னு நெனச்சிருச்சி. தலைய அவுத்துப் போட்டுக்கிட்டு, ‘எம் மகனுக்கு என்னாச்சி, எம் மகனுக்கு என்னாச்சி’ன்னு வண்டியப் புடிச்சிக்கிட்டு அழுவுது. நான் நிப்பாட்டுறதுக்குள்ள மிசினு ‘தகரம் எங்கே’ன்னு கேட்டுருச்சி.”

நான் சிரித்துவிட்டேன். டிரைவரும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். அந்தம்மா மட்டுமில்லையாம், மலையிலிருந்த பெண்கள் பாதிப்பேர் கூடையை இறக்கிவிட்டார்களாம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்கமாட்டார்கள். என் குரலில் ஒரு பெயர் வந்தால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்று இத்தனை வருடமாக நானே அவர்களைப் பழக்கியிருந்தேன்.

அந்த வாரத்திலேயே ‘தகரம் எங்கே’ ஊர்ப் பேச்சாகிவிட்டது. பஸ்ஸில் மீதிக் காசு தராத கொண்டக்டரிடம் கேட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டி குறைந்தால் கேட்டார்கள். யாராவது அண்ணன் பெயரைச் சொன்னால் போதும், பக்கத்திலிருப்பவர் ‘தகரம் எங்கே’ என்று முடித்துவைப்பார். கோபமாக யாரும் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கோபமாகச் சொன்னால் ஒருவர் எழும்பிப் பதில் சொல்லலாம். விளையாட்டுக்கு என்ன பதில் சொல்வது?

அண்ணன் பதில் சொல்லத்தான் பார்த்தார். தோட்டத்து ஒபிஸ் முன்னால் நின்றுகொண்டு, கையில் பெயர்ப் பட்டியலோடு ஒரு வீடியோ போட்டார். எந்த டிவிசனுக்கு எப்போது போனது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று விளக்கம். நீளமான வீடியோ. யாரும் முடியும்வரை பார்த்ததாகச் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை பார்த்தேன். அவர் வாயிலிருந்து ‘தகரம்’ என்று வரும்போதெல்லாம் எங்கள் விளம்பரத்தை அவரே இன்னொரு தடவை ஓட்டுவது போல இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். எதற்கு இவருக்கு வியர்க்கிறது என்று நினைத்தேன். நல்ல வெயிலில் நின்றிருந்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

விளம்பரக்காரர் அடுத்த வேலைக்கு வந்தபோது கேட்டேவிட்டேன். “உண்மையிலேயே அவர் தகரத்தை எடுத்தாரா?”

“எனக்கு எப்படித் தெரியும், அக்கே?” என்றார் சிங்களத்தில். “நீங்கள்தானே சொன்னீர்கள்.”

“நான் எப்போது சொன்னேன்?”

“அன்றைக்கு மழையில். உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றீர்களே.”

வரவில்லை என்று சொன்னது ஞாபகம் இருந்தது. அவர் எடுத்தார் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன சொன்னேன்? ‘எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்’ என்று ஏதாவது சொன்னேனா? மழை நேரத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டு எத்தனையோ சொல்லுவோம். இரண்டு வாரமாக ஊரே கேட்கிறதே, ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று நானும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தேன். ஊர் கேட்டது என் முணுமுணுப்பைத்தான். என் வாயிலிருந்து போனது ஊரைச் சுற்றிவிட்டுச் செய்தியாக என்னிடமே திரும்பி வந்திருந்தது, நான் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை.

அன்று சாயந்தரம் பீலியடியில் அக்கா நின்றாள். வழக்கம்போல என் வாளியை இழுத்துத் தண்ணீர் விழுகிற இடத்தில் வைத்தாள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“தங்கச்சி, அது நீயா சொன்னதா, அவங்க சொல்லச் சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

“எழுதிக் குடுத்ததத்தான் வாசிச்சேன்க்கா.”

“அப்ப சரி” என்றாள். வாளி நிறைந்ததும் தூக்கி என் கையில் தந்தாள்.

நான் சொன்னது பொய்யா? எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தேன். தாளில் ஒரு பொய்யும் இல்லை, என் பதிலிலும் ஒரு பொய்யும் இல்லை. விளம்பரக்காரரிடம் நன்றாகத்தான் வேலை பழகியிருக்கிறேன் என்று வீட்டுக்குப் போகும் வழியில் தோன்றியது. அப்போதே திரும்பிப் போய் மிச்சத்தைச் சொல்லியிருக்கவேண்டும். வாளியில் தண்ணீர் தளும்புகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

வாக்களிக்கப் போனபோது அண்ணனுடைய சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டேன். செய்ததற்குப் பரிகாரம் மாதிரி. வெளியே வந்து மை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு திருடருக்கா போட்டோம் என்று ஒரு யோசனை வந்தது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அண்ணன் தோற்றுப்போனார். வென்றவர் தகரத்தைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அக்கா கடைக்கு வந்தாள். கையில் வெள்ளைத் துணிப் பொதி, கண் வீங்கியிருந்தது. அவளுடைய மாமியார், அன்று ரோட்டுக்கு ஓடி வந்த அந்தம்மா, விடியற்காலை போய்விட்டார்.

“ஒன் கொரல்லதான் போகணும்” என்றாள். “மாமி எப்பவோ சொல்லி வச்சிருச்சி. ‘நான் செத்தா அந்தப் புள்ளதான் சொல்லணும், அது சொன்னாத்தான் ஊருக்கே கேக்கும்’னு.”

“அந்த இதுக்கு அப்புறமுமாக்கா?”

“அதுக்கு அப்புறம் ஒண்ணும் மாத்திச் சொல்லலையே” என்றாள்.

பின்னறைக்குப் போனேன். அந்தம்மாவின் பெயர் நன்றாக வந்தது, இரண்டு தடவையும். அடுத்தது, இன்னாரின் அன்புத் தாயார் என்று மகன் பெயர் சொல்லவேண்டும். அண்ணன் பெயரைச் சொன்னேன். கடைசி எழுத்தில் குரல் மேலே ஏறி நின்றது, கேள்வி கேட்கிற மாதிரி. அழித்துவிட்டு மறுபடி சொன்னேன். மறுபடியும் ஏறியது. ஐந்தாறு தடவை இருக்கும். கதவுக்கு வெளியே அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெயரை அரைகுறையாக விழுங்கிவிட்டு அடுத்த வரிக்கு ஓடினேன். அதுதான் போனது.

அக்காவைச் சாவு வீட்டில் விடுவதற்கு அதே த்ரீவீல். நானும் ஏறிக்கொண்டேன். பின் சீட்டில் இருவரும், அவள் மடியில் பொதி. தலைக்கு மேல் என் குரல். ரப்பர் மரங்களைத் தாண்டித் தேயிலை தொடங்குகிற வளைவில் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். மேலே நிரையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் கேட்டதும் கைகள் நின்றன. இரண்டாம் தடவைக்கு ஒருத்தி தலைத் துண்டைக் கழற்றினாள்.

பிறகு அண்ணனுடைய பெயர் போனது.

“தகரம் எங்கே?” என்று மலையிலிருந்து ஒரு குரல் வந்தது. நிரையில் ஒரு சிரிப்பு ஓடி, பாதி வழியில் நின்றுபோனது. கேட்டவளுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொல்லமாட்டேன். அந்தப் பெயர் வந்தால் வாய் தானாக முடித்துவைக்கிற பழக்கம், அவ்வளவுதான். பழக்கியவள் கீழே த்ரீவீலுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்க்கவில்லை. அக்கா பொதியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். எனக்கு அழுகை வந்தது.

“அக்கா, அது நான் சொன்னதுதான்க்கா. மழைக்கு நின்னவருகிட்ட நான்தான் எங்களுக்குத் தகரம் வரலேன்னு சொன்னேன். அதுல இருந்துதான் எழுதினாரு” என்றேன். மேலே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பவில்லை, தள்ளியும் உட்காரவில்லை.

லயத்தில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் இஸ்தோப்பில் அண்ணன் நின்றார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். முன் அறையில் அந்தம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் நின்று கும்பிட்டேன். முகத்தைப் பார்க்கவேண்டும். எத்தனையோ தடவை எனக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்த முகம்.

என் கண் மேலே போனது. புகை பிடித்துக் கறுத்த பழைய தகரம், துரு ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அடுப்படிப் பக்கம் மட்டும் ஒரு தகரம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. அந்த வருடம் வந்ததும் இதே மாதிரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

“நீயும் மேல பாக்குறியா, தங்கச்சி?” என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் குனிந்துகொண்டேன். அவள் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். “அது எங்க பெரியண்ணன் வீட்டுல இருந்து கொண்டாந்தது. அடுப்புக்கு மேல ஒழுகுதுன்னு குடுத்தாரு.”

“சரிக்கா” என்றேன். அவள் கையை விடாமல்தான் சொன்னேன். அப்போதே உள்ளுக்குள் என் குரல், அந்த அடித்தொண்டைக் குரல், பெரியண்ணன் வீட்டுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டது.